கல்லுக்கோச்சிக்கு ஒரு படம்

கல்லுக்கோச்சி வரவேண்டிய இடத்தில் பொன்னம்பலத்தாரின் வயிறு வந்து நின்றது.

“அண்ணை, கொஞ்சம் விலத்துங்கோ!” கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே முத்துக்குமாரு கத்தினார்.

வயிறு விலத்தவில்லை. காலுக்குக் கீழே நிலம் குலுங்கியது. காங்கேசன்துறைப் பக்கமிருந்து பத்தொன்பது பெட்டி நிறையச் சுண்ணாம்புக் கல்லை இழுத்துக்கொண்டு வந்த கனடா நாட்டு இஞ்சின், வயிற்றுக்குப் பின்னால் வந்து, வயிற்றுக்குப் பின்னாலேயே போயும்விட்டது. முத்துக்குமாரு பதகளிப்பில் கமராவை அமத்திவிட்டார். சுருளில் இருந்தது பன்னிரண்டே பன்னிரண்டு படம். அதில் முதலாவது வயிற்றுக்குச் சரி. கடைசிப் பெட்டியில் நின்ற கார்ட் மட்டும் கை காட்டிவிட்டுப் போனார்.

“என்ன முத்துக்குமாரு, என்ரை வேலியைப் படம் எடுக்கிறியோ?” என்று கேட்டார் பொன்னம்பலத்தார்.

“வேலியையோ? நான் கோச்சியை எல்லோ எடுக்கிறன்.”

“கல்லுக்கோச்சியை?”

“ஓம் அண்ணை.”

“கல்லு ஏத்திற கோச்சியை ஒருத்தன் லீவு போட்டு நிண்டு படம் எடுக்கிறான். அதை நான் நம்பவேணும், என்ன?”

முத்துக்குமாரு சொன்னது முழு உண்மை. அவருக்கு நாற்பத்தாறு வயது, தபால் கந்தோரிலே கிளாக்கர் உத்தியோகம், கோச்சி விசர். ஊரிலே ஒருத்தருக்குச் சீட்டாட்டம், இன்னொருத்தருக்குக் கோயில் நிர்வாகம், இவருக்கு இஞ்சின். பள்ளிக்கூடக் காலம் தொட்டுப் படமெடுத்து ஓர் அல்பத்தில் ஒட்டி வருகிறார். முப்பத்தொரு இஞ்சின் ஏறிவிட்டது. நடுப்பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அது கல்லுக்கோச்சியை இழுக்கிற அந்தக் கனடாக்காரனுக்கென்று விட்ட இடம். அவன் பின்னேரம் நாலு மணிக்குப் போகிறவன். அந்த நேரம் பார்த்து முத்துக்குமாரு கந்தோரிலே கடிதங்களுக்குச் சீல் குத்திக்கொண்டிருப்பார். இப்போது ஸ்ரேசன் மாஸ்ரர் ஒரு புதினம் சொல்லியிருந்தார்: வருகிற சனிக்கிழமையோடு அந்த இஞ்சினை மலைநாட்டுப் பக்கம் கொண்டுபோகிறார்களாம். முத்துக்குமாரு தன்னுடைய கலியாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு கிழமை லீவு எழுதிக் கொடுத்தார்.

படத்துக்கு இடமும் அவருக்கு வாசலிலேயே இருந்தது. தண்டவாளத்தை ஒட்டி ஓடும் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. ஒழுங்கை முடிகிற இடத்தில் நின்று பார்த்தால் தண்டவாளம் வளைந்து வரும். இஞ்சினும் பத்தொன்பது பெட்டியும் ஒன்றாக விழும். மற்ற இடமெல்லாம் இரண்டு பக்கமும் பனையும் இளம்பனை வடலியும்.

ஒரேயொரு சங்கடம் உண்டு. வலப்பக்கம் தண்டவாளம் என்றால், இடப்பக்கம் வேலிகள். எங்கே நின்று கமராவைப் பிடித்தாலும் அயலட்டையின் வேலி முழுவதும் படத்துக்குள் வந்துவிடும்.

எங்கள் பக்கத்து வேலிகளுக்குக் கால் உண்டு. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். வருஷா வருஷம் மாசி பங்குனியில் பழைய கிடுகு ஓலையைப் பிரித்துப் புதுக் கிடுகு வைத்து அடைப்பார்கள். அடைக்கும்போது வேலிக்கு நிறுத்திய கதியால் தடிகளில் இரண்டை மாற்றி நடவேண்டி வரும். மாற்றி நடுகிற கதியால் ஒருநாளும் பழைய குழிக்குப் போகாது. ஒரு சாண் ஒழுங்கைப் பக்கமாகப் போய்த்தான் வேர் விடும். இப்படி நடந்து நடந்து, மாட்டுவண்டில் போய்வந்த ஒழுங்கையில் எண்பத்து மூன்றாம் ஆண்டு ஒரு சைக்கிளும் ஒரு மாடும் எதிர்ப்பட்டால், சைக்கிள்தான் திரும்பிப் போகவேண்டும்.

அன்று இருட்டுப்படுவதற்குள் பொன்னம்பலத்தார் வீட்டிலிருந்து ஒரு வாழைக்குலை வந்தது.

“இதென்ன புதுசா?” என்று கேட்டார் முத்துக்குமாரு.

“அயலட்டை எண்டால் குடுக்கல் வாங்கல் இருக்கும்தானே” என்று சொல்லிக்கொண்டு அவர் மனைவி பாலேஸ்வரி குலையைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோனார்.

செவ்வாய்க்கிழமை கோச்சி வரவில்லை. அன்றைக்கு மயிலிட்டி மீன்காரி யோசப்பினும் வரவில்லை. செவ்வாய், வெள்ளி இந்த ஒழுங்கையில் ஒரு சட்டியிலும் மீன் ஏறாது. அவர் வராத நாளில் ஊரில் புதினமும் ஏறாது. புதன்கிழமை காலையில் யோசப்பின் மீன் கடகத்தோடு ஒழுங்கைக்குள் வந்து, நாலு வீட்டிலே சூடை மீன் விற்றுவிட்டுப் போனார். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஒழுங்கை கொதித்தது.

மூன்றரை மணிக்கு முத்துக்குமாரு கமராவோடு வந்தபோது அடுத்த வளவு ஏரம்பர் தன் வேலியடியில் நின்று ஒரு கிளுவைக் கதியாலை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“முத்துக்குமாரு! உன்ரை பெட்டிசத்துக்கு ஏரம்பன் பயப்பிடுவான் எண்டு நினையாதை!” என்று கத்திக்கொண்டே அடுத்த கதியாலுக்குப் போனார்.

“என்ன பெட்டிசம் அண்ணை?”

“நடியாதை. படம் எடுத்துப் பெட்டிசத்தோடை ஒட்டிக் அரசாங்கக் கச்சேரிக் கந்தோருக்கு அனுப்பப் போறாயாம். தபால் கந்தோரிலை இருக்கிறனி, முத்திரையும் உன்ரை கையிலை, சீலும் உன்ரை கையிலை.”

எங்கள் ஆட்கள் கத்தியைக் கண்டாலும் நின்று கதைப்பார்கள். மேலிடத்துக்கு முறையிட்டு எழுதுகிற பெட்டிசம் என்றால் சோறு இறங்காது. அதிலும் படம் வைத்த பெட்டிசம் என்றால் கேட்கவே வேண்டாம்.

“பிள்ளையாராணை நான் ஒண்டும் எழுதேல்லை! பாலேஸ்வரி எத்தினை வரியமாக் கேட்டவ, ஒழுங்கையைப் பற்றி ஒரு பெட்டிசம் எழுதுங்கோ, வெங்காயச் சாக்கைத் தலையிலை காவிக் காவி என்ரை கழுத்து முறியுது எண்டு. அயலட்டையோடை கொளுவப்படாது எண்டு நான்தான் மாட்டன் எண்டிட்டன்.”

ஏரம்பர் கதியாலை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“ஆ! அப்ப பெட்டிசக் கதை வீட்டிலை நடந்துதான் இருக்கு!”

முத்துக்குமாரு வாயைத் திறக்குமுன் நிலம் அதிரத் தொடங்கியது. கமராவைத் தூக்கினார். முதல் படத்தில் இஞ்சினுக்கு முன்னால் ஒரு கதியால் போனது. இரண்டாவதில் அந்தக் கதியாலைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரம்பர் போனார். மூன்றாவதில் ஏரம்பர் மனைவி ஒரு கட்டுக் கிடுகோடு வந்து, நடுவிலே நின்று, “படம் எடுக்கிறாரப்பா, ஓடியாங்கோ!” என்று குழறினார்.

அன்றிரவு முழுக்க முத்துக்குமாரு யோசித்தார். இஞ்சின் போய்விடப் போகிறது என்பது ஒரு கவலை. நாற்பத்தாறு வருஷம் ஒருத்தருக்கும் ஒரு தீங்கும் நினைக்காமல் வாழ்ந்த ஒழுங்கையில் பெட்டிசக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டோமே என்பது அதைவிடப் பெரிய கவலை. விடிந்ததும் அல்பத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏரம்பர் வீட்டுக்குப் போனார். நல்லவேளையாகப் பொன்னம்பலத்தாரும் அங்கே இருந்தார்.

“இரண்டு பேரும் கண்ணாலை பாருங்கோ. முப்பது வரியமா நான் எடுக்கிறது இஞ்சின்தான். ஒரு வேலியும் இல்லை.”

பொன்னம்பலத்தார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம். எல்லாம் இஞ்சின். முகம் மெல்ல மெல்ல இளகியது.

“சீச்சீ, மெய்தான் ஏரம்பு. இவன் உண்மையான விசரன்தான்” என்றார்.

முத்துக்குமாருவுக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. அடுத்த பக்கத்தைத் தானே திருப்பினார். அங்கே ஒரு சின்னப் பச்சை இஞ்சின் இதே ஒழுங்கைக் கரையால் போய்க்கொண்டிருந்தது. ஏரம்பர் இஞ்சினைப் பார்க்கவில்லை. படத்தின் இடது மூலையில் விரலை வைத்தார்.

“இது எப்ப எடுத்தது?”

“எழுபத்தெட்டிலை.”

“இதிலை நிக்கிறது என்ரை பூவரசு.”

“ஓம் அண்ணை, உங்கடை பூவரசுதான்.” முத்துக்குமாரு பெருமையோடு சொன்னார். “எவ்வளவு வடிவா விழுந்திருக்கு!”

“வேலி அதுக்கு அங்காலை, வளவுப் பக்கம் நிக்குது.”

மூன்று பேரும் தலையைத் திருப்பி முற்றத்துக்கு அப்பால் பார்த்தார்கள். பூவரசு நின்ற இடத்திலேயேதான் நின்றது. வேலி அதைத் தாண்டி ஒழுங்கைப் பக்கம் நாலு சாண் நடந்து போயிருந்தது.

“அடப் பாவி!” பொன்னம்பலத்தார் கண்ணாடியைக் கழற்றினார். “அஞ்சு வரியமா ஆதாரம் சேத்திருக்கிறான்!”

அன்று பின்னேரம் ஒழுங்கை முழுவதும் பழைய குழிகளைத் தேடித் தோண்டும் அலவாங்குச் சத்தம் கேட்டது; வேலிகள் பின்பக்கமாக நடக்கத் தொடங்கின. முத்துக்குமாரு மனிதர் கண்ணில் படாமல் எடுப்போம் என்று தண்டவாளத்தோரத்து வடலிப் பற்றைக்குள் போய்க் குந்தினார். இஞ்சின் வளைவில் தலை காட்டுகிற நேரம் யாரோ, “ஐயோ, ஒளிச்சிருந்தும் எடுக்கிறான்!” என்று கத்தினார்கள். எட்டுப் பேர் ஓடி வந்து வடலியை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். மூன்று படம் ஓலைக்குப் போனது.

வீட்டுக்கு வந்தால் விறாந்தையில், பள்ளிக்கூடத்திலிருந்து இளைப்பாறிய ஆசிரியை செல்வநாயகி சிவப்பு மைப் பேனையோடு இருந்தார். ஒழுங்கையின் மூன்றாம் வளவு அவருடையது. அவருடைய வேலியும் நல்ல நடைகாரி.

“முத்துக்குமாரு, எனக்கு ஒளிக்காதையும். அரசாங்கத்துக்குப் போற கடிதம் எண்டால் இலக்கணம் முக்கியம். கொண்டாரும், நான் திருத்தித் தாறன். என்ரை வேலியைப் பற்றின பந்தியை மட்டும் எடுத்துவிடும்.”

“ரீச்சர், பெட்டிசம் எண்டு ஒண்டு இல்லை.”

“அப்ப திருத்தாமலே அனுப்பிப்போட்டீரோ?” ரீச்சரின் குரல் உடைந்தது. அவர் பாலேஸ்வரி பக்கம் திரும்பினார். “அவர் எழுதினதை நீராவது பாத்தனீரோ பிள்ளை?”

பாலேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தார்.

“எனக்கென்ன தெரியும் ரீச்சர்? ஒரு கொப்பியிலை திகதி, நேரம், நம்பர் எண்டு நெடுக எழுதிக்கொண்டிருப்பார். என்னண்டு கேட்டால், உமக்கு விளங்காது எண்டுவார்.”

“அது இஞ்சின் நம்பர்!” என்று அலறினார் முத்துக்குமாரு.

“நான் பொய்யே சொன்னனான்? உள்ளதைத்தானே சொன்னனான்” என்றார் பாலேஸ்வரி.

செல்வநாயகி ரீச்சர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். போகிற வழியில் ஒரு கூலியாளையும் பிடித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை முத்துக்குமாரு கிணற்றடியில் தோய்ந்து, திருநீறு பூசி, பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்தினார். பூசைக்கு வந்த சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, “நான் ஒரு பெட்டிசமும் எழுதவில்லை, இது சத்தியம்” என்று எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார். கை சுட்டுப்போனது. மனம் லேசாகியது.

கோயில் கேணியடியில் பொன்னம்பலத்தார் ஏரம்பரிடம் மெல்லச் சொன்னார்:

“ஒருத்தரும் கேளாமல் வந்து சத்தியம் பண்ணுறான் எண்டால், ஒண்டில்லை, ரெண்டு எழுதியிருக்கிறான்.”

அன்றைக்கு ஒழுங்கையில் வேலி பிடுங்காத வீடு இல்லை. மாசி மாதத்துச் செம்மண் தூசி பனை உயரத்துக்கு எழும்பியது. கல்லுக்கோச்சி வந்தது காதுக்குத்தான் தெரிந்தது. முத்துக்குமாரு சத்தம் வந்த திசைக்கு நாலு படம் எடுத்தார்.

ஒன்றே ஒன்று மிச்சம்.

சனிக்கிழமை. கடைசி நாள். முத்துக்குமாரு மூன்று மணிக்கே போய் நின்றார். ஒழுங்கை அகன்று, நீண்டு, வடிவாகக் கிடந்தது. இவ்வளவு துலக்கமாக அந்த வளைவை அவர் சின்ன வயதிலேதான் பார்த்திருந்தார். தூசி அடங்கியிருந்தது. “பிள்ளையாரே, உனக்கு என்னில் கோபம் இல்லைத்தான்” என்று மனதுக்குள் சொன்னார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அயலட்டை முழுவதும் வெளியே வந்தது. மிச்சக் கதியால்களைத் தூக்கிக்கொண்டு, கிடுகுக் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு, அலவாங்கும் மண்வெட்டியுமாகப் பதினைந்து பேர் தண்டவாளத்துக் கரையிலே கூடினார்கள்.

வளைவில் இஞ்சின் தலை தெரிந்தது. கரையில் இத்தனை பேர் தடியும் அலவாங்குமாக நிற்பதைக் கண்ட இஞ்சின் றைவருக்குத் தண்டவாளத்தில் ஏதோ பிழை என்றுதான் பட்டிருக்க வேண்டும். பிறேக் பிடித்தார். பத்தொன்பது பெட்டிக் கல்லும் ஒன்றோடொன்று முட்டி முனகி, அந்தப் பெரிய இஞ்சின் முத்துக்குமாருவுக்கு நூறு யார் முன்னால் அப்படியே வந்து நின்றது.

நின்றது! முத்துக்குமாருவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் ஒரு கோச்சி அவருக்காக நின்றதில்லை.

“என்ன அங்கை? ஏதும் உடைவோ?” றைவர் தலையை நீட்டிக் கேட்டார்.

எல்லோரும் முத்துக்குமாருவின் கையில் இருந்த கமராவைத்தான் பார்த்தார்கள்.

“தம்பி!” பொன்னம்பலத்தார் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றார். “இப்ப எடு! எங்கடை வேலியெல்லாம் எங்கை நிக்குது எண்டு வடிவா விழட்டும்!”

“அண்ணை, உங்களைக் கும்பிடுறன், விலத்துங்கோ!”

“பழைய படத்தை அனுப்பத் தெரியும், புதுப் படம் எடுக்கத் தெரியாதோ?” ஏரம்பர் பொன்னம்பலத்தாருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். “எடுத்து அதையும் சேத்து அனுப்பு!”

“கட்டையான ஆக்கள் முன்னுக்கு வாங்கோ” என்றார் செல்வநாயகி ரீச்சர். “ஆரும் பல்லுக் காட்டப்படாது. இது கச்சேரிக்குப் போறது.”

“ரீச்சர், இஞ்சின் மறையுது!”

“நாங்கள் தயார். நீர் எடும்.”

பதினைந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார்கள். றைவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நீளக் கூவல் கூவி இஞ்சினை எடுத்தார். கரும்புகை எழும்பியது. போய்விடப் போகிறது, நடுப்பக்கம் வெறும் பக்கமாகவே கிடக்கப் போகிறது. முத்துக்குமாரு கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார்.

வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தவருக்குப் பாலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

“அழுகிறியளோ?”

“தூசி.”

பாலேஸ்வரி முந்தானையை நீட்டினார். “வேறை இஞ்சின் வராதோப்பா?”

“வரும். உது வராது.”

“பாவம்” என்றார் பாலேஸ்வரி. மெய்யாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அன்றைக்கு இரவு முத்துக்குமாருவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார்.

அடுத்த புதன்கிழமை முத்துக்குமாரு அரை நாள் லீவில் பட்டணத்துக்குப் போய் யூசுப்பின் ஸ்ரூடியோவிலே கழுவின படங்களை வாங்கினார். யூசுப் கடைசிப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது ஆற்றை கலியாணம் மாஸ்ரர்? மாப்பிளை பொம்பிளையைக் காணேல்லை?”

பதினைந்து பேர் கதியால், அலவாங்கு சகிதம் விறைத்துப்போய் நின்றார்கள். அவர்களுடைய தலைக்கு மேலே இஞ்சினின் கூரையும், ஒரு முழம் புகையும், நம்பரில் பாதியும் தெரிந்தன. முத்துக்குமாரு வெகுநேரம் பார்த்தார். பொன்னம்பலத்தார் மூச்சைப் பிடித்து நின்றதில் வயிறு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. ரீச்சரைத் தவிர எல்லோரும் பல்லுக் காட்டியிருந்தார்கள். பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்தது. சரி, இதையே நடுப்பக்கத்தில் ஒட்டுவோம் என்று முடிவு செய்தார்.

ஒழுங்கைக்குத் திரும்பியபோது பொன்னம்பலத்தார் தன் வாசல் படலையடியில் மறித்துப் படத்தை வாங்கிப் பார்த்தார்.

“எனக்கும் ஒரு கொப்பி எடுத்துத் தா. எடேய், பெட்டிசம் ஒண்டையும் காணேல்லையே?”

“இல்லாத பெட்டிசம் எப்பிடி அண்ணை வரும்? உங்களுக்கு ஆர் இந்தக் கதையைச் சொன்னது?”

“மீன்காரி யோசப்பின்தான். ஒழுங்கை முழுக்க அவள்தான் சொன்னவள்.”

முத்துக்குமாருவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டடிக்கு வந்தால் உள்ளே போக வழியில்லை. படலையை அடைத்துக்கொண்டு ஒரு லொறி நின்றது. பாலேஸ்வரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “அந்தச் சாக்கைப் பிறகு ஏத்துங்கோ, இதை முதல்லை” என்று வெங்காயம் ஏற்றுகிறவர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். லொறிக்குப் பின்னால் நிழலில் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு யோசப்பின் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“யோசப்பினக்கா, உமக்கு நான் என்ன பாவம் செய்தனான்?” முத்துக்குமாரு சைக்கிளை லொறியில் சாத்திவிட்டுச் சீறினார். “நான் பெட்டிசம் போடப் போறன் எண்டு வீடு வீடாப் போய்க் கதை கட்டினது நீர்தானே?”

யோசப்பின் வெற்றிலையை ஒரு கொடுப்பில் அடக்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நான் ஏன் தம்பி கட்டிறன்? ‘எங்கடை மனிசன் வேலியளைப் படமெடுத்துப் பெட்டிசம் போடப் போறார், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையக்கா’ எண்டு என்ரை காதுக்கை சொன்னது உங்கடை மனிசிதானே!”